வெறுமையாய் ஓடும் இருக்கைகள்: புலம்பெயர் தமிழரும் மகிழுந்துப் பகிர்வும்



சனிக்கிழமை காலை. சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் தமிழ்ப் பள்ளி தொடங்கும் நேரம். ஒரே தெருவில் வாழும் மூன்று குடும்பங்கள், மூன்று மகிழுந்துகளில், சில நிமிட இடைவெளியில், ஒரே பள்ளி வாசலுக்கு வந்து சேர்கின்றன. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு சாரதி, ஒரு பிள்ளை, மூன்று வெற்று இருக்கைகள். அதே தெருவின் நான்காவது வீட்டில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறது. தந்தை சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறார். தாயிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளை தமிழ்ப் பள்ளிக்கு வருவதில்லை.

இத்தகைய காட்சி சிட்னியிலும் மெல்பேர்ணிலும் வாழும் தமிழருக்குப் புதியதன்று. ஒன்பது இருக்கைகள் வெறுமையாய் ஓடுகின்றன. ஓர் இருக்கை இல்லாமையால் ஒரு பிள்ளை மொழியை இழக்கிறது. மகிழுந்துப் பகிர்வு என்னும் பொருள் பெரும்பாலும் எரிபொருட் சிக்கனம் பற்றிய அறிவுரையாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் புலம்பெயர்ந்த சமூகம் ஒன்றுக்கு அது அதனினும் பெரிய கேள்வி. அயலாரோடு எதைப் பகிர்ந்து வாழ்வது என்பதே அந்தக் கேள்வி.

தனித்து ஓடும் நாடு

அவுஸ்திரேலியா மகிழுந்தை நம்பிக் கட்டப்பட்ட நாடு. 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, வேலைக்குச் சென்றோரில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் தாமே மகிழுந்து ஓட்டிச் சென்றனர். இன்னொருவர் ஓட்டிய வண்டியில் பயணியாகச் சென்றோர் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு. பெருந்தொற்றுக் காலத்தில் எடுக்கப்பட்ட 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில் வீட்டிலிருந்தே பணிபுரிந்தோர் தொகை ஐந்தில் ஒரு பங்காக உயர்ந்தது. தனியே ஓட்டிச் சென்றோரின் பங்கு குறைந்தது. ஆயினும் பயணியாகச் சென்றோரின் பங்கு கூடவில்லை, அதுவும் குறைந்தது. காலை நெரிசல் வேளையில் நகரை நோக்கி ஊர்ந்து செல்லும் வண்டிகளை எண்ணிப் பார்த்தால், பத்து வண்டிகளில் பதினொரு பேர், பன்னிரண்டு பேர் என்ற அளவிலேயே ஆட்கள் இருப்பர்.

தமிழரின் நிலை இதற்கு விலக்கன்று. 2021ஆம் ஆண்டில் வீட்டில் தமிழ் பேசுவோர் தொகை அவுஸ்திரேலியா முழுவதிலும் 95,000ஐத் தாண்டியது. அவர்களிற் பெரும்பாலோர் இரு பெருநகரங்களின் புறநகர்களில் வாழ்கின்றனர். சிட்னியில் வென்ற்வேத்வில், பெண்டில் ஹில், டூங்காபி, கிராவீன், ஹோம்புஷ் எனவும், மெல்பேர்ணில் டண்டினோங், கிளேற்றன், கிளென் வேவர்லி எனவும், அண்மைக் காலத்தில் மேற்கே பொயின்ற் குக், ரார்னீற் எனவும் அவர்களின் குடியிருப்புகள் பரந்து கிடக்கின்றன. வீட்டு விலை ஏறும்தோறும் இளங் குடும்பங்கள் நகரின் விளிம்பை நோக்கித் தள்ளப்படுகின்றன. விளிம்பில் வீடு கிடைக்கிறது, பேருந்து கிடைப்பதில்லை. இதனால் ஒரு வீட்டில் இரண்டு வண்டிகளும், பிள்ளைகள் வளர்ந்ததும் மூன்று நான்கு வண்டிகளும் நிற்கின்றன.

வழிபாட்டுத் தலங்களும் இவ்வாறே. 1985இல் குடமுழுக்குக் கண்ட சிட்னி வெங்கடேசுவரர் ஆலயம், நகரின் மையத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில், ஹெலன்ஸ்பேர்க் மலைப்பகுதியில் அமைந்துள்ளது. மெல்பேர்ணின் சிவா விஷ்ணு ஆலயம் நகருக்குத் தென்கிழக்கே கரம் டவுன்ஸில் உள்ளது. நிலம் மலிவாய்க் கிடைத்த இடத்திலே முன்னோடிகள் கோயிலைக் கட்டினர். அது அவர்களின் அறிவுடைமை. ஆனால் அக்கோயில்களுக்குச் செல்லும் வழி பெரும்பாலோர்க்கு மகிழுந்து ஒன்றே. திருவிழா நாட்களில் வண்டி நிறுத்த இடந்தேடிச் சுற்றிச் சுற்றி வரும் அடியார் கூட்டமே அதற்குச் சான்று.

மறந்துபோன பழக்கம்

வண்டியைப் பகிர்தல் தமிழருக்கு அந்நியப் பழக்கம் போலப் பேசப்படுவது வியப்பானது. யாழ்ப்பாணத்தில் கொடிகாமத்திற்கும் பருத்தித்துறைக்கும் இடையே ஓடிய தட்டிவான்களை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தட்டி அடித்த அந்த வண்டிகளில் ஆட்களும் மரக்கறி மூட்டைகளும் தேங்காய்ச் சாக்குகளும் ஒன்றாகவே பயணம் செய்தன. ஊரில் ஒருவரிடம் வண்டி இருந்தால் அது ஊரின் வண்டியாகவே கருதப்பட்டது. பிரசவ வலி கண்ட பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல நள்ளிரவில் அவரது படலையைத் தட்டுவதற்கு எவரும் தயங்கியதில்லை.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோலும் டீசலும் அருமையாயின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் வண்டியை ஓட்டிய காலம் அது. துவிச்சக்கர வண்டியின் பாரிலும் கரியரிலும் ஒருவர் மற்றவரைச் சுமந்து சென்றனர். போதாமை அவர்களைப் பகிரச் செய்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுவதுமே அதே பாடத்தைப் படித்தது. எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. பின்னர் நடைமுறைக்கு வந்த கியூஆர் அட்டைத் திட்டத்தில், தொடக்கத்தில் மகிழுந்து ஒன்றுக்கு வாரத்திற்கு 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே கிடைத்தன. அயலவர் எங்கே போகிறார் என்று விசாரித்து அவரோடு சேர்ந்து போகும் வழக்கம் அப்போது பல இடங்களிலும் திரும்பி வந்தது.

இங்கோ போதாமை இல்லை. பெற்றோல் விலை ஏறினாலும் கிடைக்காமற் போவதில்லை. அதனாலேயே பகிரும் பழக்கம் ஒரு தலைமுறைக்குள் மறைந்து போயிற்று. வசதி வந்ததும் கைவிடப்பட வேண்டிய வறுமைக்காலப் பழக்கமா அது, அல்லது வசதியோடும் காக்கப்பட வேண்டிய பண்பா என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

சுற்றுச்சூழற் கணக்கு

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. எரிபொருளிலுள்ள காபன், காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதால் வெளியேறும் வாயுவின் எடை எரிந்த பெற்றோலின் எடையைவிடக் கூடுதலாகிறது. அவுஸ்திரேலியாவின் பைங்குடில் வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போக்குவரத்துத் துறையினுடையது. அதிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு மகிழுந்துகளையும் சிறு வண்டிகளையும் சார்ந்தது.

முதலிற் சொன்ன மூன்று குடும்பங்களுக்கே திரும்பி வந்து கணக்கிடலாம். வீட்டிலிருந்து தமிழ்ப் பள்ளி 15 கிலோமீற்றர் எனக் கொள்ளலாம். பிள்ளையை இறக்கிவிட்டு வீடு திரும்பி, மீண்டும் சென்று ஏற்றிவரும் பெற்றோர் ஒருவர் அன்று 60 கிலோமீற்றர் ஓடுகிறார். மூன்று குடும்பங்களும் சேர்ந்து 180 கிலோமீற்றர். ஒரே வண்டியில் மூன்று பிள்ளைகளையும் ஏற்றினால், வீடு வீடாய் நிற்பதையும் சேர்த்து 65 கிலோமீற்றர் போதும். வாரத்திற்கு 115 கிலோமீற்றர் மிச்சம். ஆண்டுக்கு 40 வகுப்பு நாட்கள் என்றால் 4,600 கிலோமீற்றர். 100 கிலோமீற்றருக்கு 10 லீற்றர் செலவாகும் வண்டியென்றால் 460 லீற்றர் பெற்றோல் எரியாமல் இருக்கும். காற்றிற் கலவாமற் போகும் காபனீரொட்சைட்டு ஒரு தொன்னுக்குச் சற்று மேல். இது மூன்று குடும்பங்களின், ஒரேயொரு வாராந்தப் பயணத்தின் கணக்கு மட்டுமே. நடன வகுப்பு, மிருதங்க வகுப்பு, நீச்சல், துடுப்பாட்டம் ஆகியவை இதில் அடங்கவில்லை.

செலவுக் கணக்கும் சிறியதன்று. சிட்னியின் மேற்குத் தமிழரின் முதன்மைப் பாதையான எம்4 நெடுஞ்சாலையில் 1992 முதல் வாங்கப்பட்ட வீதிக் கட்டணம் 2010இல் நீக்கப்பட்டது. பாதை அகலமாக்கப்பட்டபின் 2017இல் அது மீண்டும் வந்தது. மூன்று வண்டிகள் மூன்று முறை கட்டும் கட்டணத்தை ஒரு வண்டி ஒரு முறை கட்டினால் போதும். நேரமோ அதனினும் அரியது. முறை வைத்து ஓட்டினால், 40 சனிக்கிழமைகளில் ஒரு பெற்றோர் 13 அல்லது 14 நாட்களே ஓட்ட நேரும். எஞ்சிய 26 அல்லது 27 காலைப் பொழுதுகளும் அவருக்கே உரியவை.

காற்றின் தூய்மையும் இதில் அடங்கும். குளிர்ந்த இயந்திரத்தின் புகைவடிகட்டி முதற் சில நிமிடங்களுக்குச் சரிவர வேலை செய்வதில்லை. ஆகவே குறுகிய ஓட்டங்களில் கிலோமீற்றர் ஒன்றுக்கு வெளியேறும் நச்சுப் புகை அதிகம். பள்ளி வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமற் காத்து நிற்கும் வண்டிகளின் புகையை முதலிற் சுவாசிப்போர் அப்பள்ளியின் பிள்ளைகளே.

காலநிலை மாற்றம் எங்கோ துருவப் பகுதியில் நிகழும் செய்தி அன்று. 2019-20 கோடையில் எரிந்த காடுகளின் புகை சிட்னியையும் மெல்பேர்ணையும் மூடியது. 2020 ஜனவரி 4ஆம் நாள் மேற்குச் சிட்னியின் பென்றித்தில் வெப்பம் 48.9 பாகை செல்சியஸைத் தொட்டது. கடலிலிருந்து தொலைவான மேற்குப் புறநகர்களே சிட்னியில் அதிகம் சுடுபவை. தமிழர் செறிந்து வாழ்வதும் அங்கேதான். மறுபுறம், யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடிநீர் சுண்ணாம்புக் கற்பாறைகளின் இடையே, உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாகவே உள்ளது. கடல்மட்டம் உயர உயர அந்த நன்னீர் உவராகும் ஆபத்து வளர்கிறது. சிட்னியில் வெளியேறும் புகை சிட்னியோடு நின்றுவிடுவதில்லை. தாயகத்தின் கிணறுகள் மீது அக்கறை கொண்டவர்கள் தம் வண்டியின் புகைக்குழாயையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

ஊக்குவிப்பின் வரலாறு

மகிழுந்துப் பகிர்வை அரசுகள் ஊக்குவித்த வரலாறு நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் எரிபொருளையும் இறப்பரையும் மிச்சப்படுத்த அரசே சுவரொட்டிகள் மூலம் கூட்டுப் பயணத்தை வலியுறுத்தியது. அவுஸ்திரேலியாவிலும் 1940இல் தொடங்கிய பெற்றோற் பங்கீடு 1950இலேயே முற்றாக முடிவுற்றது. 1970களின் எண்ணெய் நெருக்கடி அந்தப் பழக்கத்திற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 1980இல் அமெரிக்கத் தொழிலாளரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கூட்டாகப் பயணம் செய்தார். 2010இல் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. எரிபொருள் மலிந்ததும் வீடுதோறும் இரண்டாவது வண்டி வந்ததும் அந்த வீழ்ச்சிக்கு முதன்மைக் காரணங்கள். நெருக்கடியின் தயவில் வளர்ந்த பழக்கம் நெருக்கடி நீங்கியதும் தேய்ந்தது.

இந்தோனேசியத் தலைநகர் யக்கார்த்தா இன்னொரு பாடம் தருகிறது. அங்கு 1992 முதல் முதன்மை வீதிகளில் நெரிசல் வேளைகளில் மூவருக்குக் குறைவானோர் உள்ள வண்டிகள் தடைசெய்யப்பட்டன. விதியை ஏய்ப்பதற்காகக் கூலிக்கு வண்டியில் ஏறி அமர்ந்து பயணம் செய்யும் தொழிலே உருவாயிற்று. சில தாய்மார் கைக்குழந்தையோடும் அதனைச் செய்தனர். இக்குறைகளால் 2016இல் விதி கைவிடப்பட்டது. அதன் விளைவை ஆராய்ந்து 2017இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு, காலை நெரிசலின் தாமதம் 46 விழுக்காடும் மாலைத் தாமதம் 87 விழுக்காடும் கூடியதாகக் கண்டது. குறைகள் நிறைந்த விதியாயினும் அது அந்த மாநகரின் நெரிசலைத் தடுத்து நிறுத்தியிருந்தது என்பது, அது நீங்கிய பின்னரே தெரிந்தது.

சிட்னியில் டி2, டி3 எனக் குறிக்கப்பட்ட வீதித் தடங்களைப் பலரும் கண்டிருப்பர். சாரதி உட்பட இருவர் உள்ள வண்டி டி2 தடத்திலும், மூவர் உள்ள வண்டி டி3 தடத்திலும் செல்லலாம். பேருந்துகளும் அவற்றிலே செல்கின்றன. தனியே செல்பவர் நெரிசலில் நிற்க, சேர்ந்து செல்வோர் கடந்து போகின்றனர். அறிவுரையைவிட இத்தகைய நேரடிப் பயனே மக்களை மாற்றுகிறது.

இங்கு இரண்டு எச்சரிக்கைகளும் தேவை. முதலாவது, ஒரு வண்டி குறைவதால் கிடைக்கும் வீதி இடத்தை இன்னொரு வண்டி வந்து நிரப்பிவிடக் கூடும். பகிர்வு மட்டும் நெரிசலை ஒழித்துவிடாது. இரண்டாவது, தொடருந்திற் செல்பவரை மகிழுந்துக்கு மாற்றுவது சூழலுக்கு நன்மையன்று. 2024இல் சிட்னியின் மெற்றோ பாதை நகர மையத்தின் ஊடாக நீண்டது; அவ்வாண்டின் இறுதியில் வெஸ்ற்மீட் வழியாகப் பரமற்றா இலகு தொடருந்து ஓடத் தொடங்கியது. மெல்பேர்ணில் 2025 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்ட மெற்றோ சுரங்கம், மேற்கே சன்சைனையும் தென்கிழக்கே கிளேற்றன், டண்டினோங் ஆகியவற்றையும் ஒரே பாதையில் இணைக்கிறது. தொடருந்து உள்ள இடத்தில் தொடருந்தே முதல். அது இல்லாத இடத்திலும், நிலையம் வரையிலான பயணத்திலும் பகிர்வு பொருந்தும். மின்சார மகிழுந்து புகையை நீக்கும்; ஆனால் வெற்று இருக்கையை நிரப்பாது.

சமூகக் கணக்கு

சூழற் கணக்கை எண்களால் எழுதலாம். சமூகக் கணக்கு அவ்வளவு எளிதன்று.

பிள்ளைகளின் அழைப்பில் வந்து சேர்ந்த மூத்தோரை முதலில் நோக்க வேண்டும். ஊரில் காலையில் எழுந்து தாமாகவே கோயிலுக்கும் சந்தைக்கும் போய் வந்தவர்கள், இங்கே மகனோ மருமகளோ வேலையால் வரும்வரை சன்னலருகே காத்திருக்கின்றனர். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தோடு வந்து குடியேறிய பெண் இங்கே எழுத்துத் தேர்வையும் ஓட்டத் தேர்வையும் கடக்க வேண்டும். அதுவரை அவளது உலகம் நடந்து போகக்கூடிய தூரமே. அகதித் தஞ்சம் கோரி வந்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள், அதிகாலைத் தொழிற்சாலை வேலைக்குப் பேருந்தில்லாத இடங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் அயலவர் ஒருவரின் வெற்று இருக்கை, கோயிலாகவும் வகுப்பாகவும் வேலையாகவும் மாறக்கூடியது.

அவ்வாறிருந்தும் பகிர்வு ஏன் நிகழ்வதில்லை? வீதியோ வண்டியோ தடையன்று. தடை மனத்திலே உள்ளது. கேட்பவருக்குக் கௌரவம் தடுக்கிறது: “கார் வாங்க வசதியில்லையோ என்று நினைப்பார்கள்.” கொடுப்பவருக்கு அச்சம் தடுக்கிறது: “ஒருமுறை ஏற்றினால் எப்போதும் ஏற்ற வேண்டி வருமே.” பிறருக்குக் கடன்படக் கூடாது என்ற உணர்வு நல்லதே. ஆனால் அவ்வுணர்வு முற்றினால் எவரும் எவருக்கும் எதுவும் ஆகாத தெருவே மிஞ்சும். உதவி என்று எண்ணும்போது கூச்சம் வருகிறது. முறை என்று எண்ணும்போது அது போய்விடுகிறது. இந்த வாரம் ஒருவர், அடுத்த வாரம் மற்றவர் என முறை வகுத்தால் கடனும் இல்லை, கௌரவக் குறைவும் இல்லை. வண்டி இல்லாதவர் பெற்றோற் செலவில் பங்கு கொள்ளலாம். அல்லது வேறு வகையில், பிள்ளைகளின் பாடத்திலோ சமையலிலோ கைகொடுக்கலாம்.

சொல்லத் தயங்கும் இன்னொரு தடையும் உண்டு. எவரை வண்டியில் ஏற்றுவது என்பதில் ஊர், படித்த பள்ளி, சில வேளைகளிற் சாதி என்பனவும் மறைவாகக் குறுக்கிடுகின்றன. ஈழத்திலிருந்து வந்தோர், தமிழகத்திலிருந்து வந்தோர், மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வந்தோர் என வட்டங்கள் தனித்தனியே சுழல்கின்றன. பழைய மாணவர் சங்கத்து விருந்துக்கு மூன்று குடும்பங்கள் ஒரே வண்டியிற் போவதுண்டு. அடுத்த வீட்டுத் தமிழரோ பெயர்கூடத் தெரியாதவராக இருப்பார். பிள்ளைகளுக்கு இந்த வேலிகள் தெரியா. ஒரே இருக்கையில் இடித்துக்கொண்டு அமர்ந்து செல்லும் பிள்ளைகள் அவற்றைத் தெரியாமலே வளர்வார்களாயின், அதுவே இந்தப் பழக்கத்தின் பெரும் பயனாகும்.

மொழிக்கும் இதில் இடமுண்டு. தனியே பின்னிருக்கையில் அமரும் பிள்ளை கைப்பேசியோடு பேசுகிறது. மூன்று பிள்ளைகளும் முன்னிருக்கையில் ஓர் அம்மம்மாவும் உள்ள வண்டியில் கதை பிறக்கிறது. பிள்ளைகள் தமக்குள் ஆங்கிலத்திற் பேசலாம். ஆனால் அம்மம்மாவோடு தமிழில்தான் பேசியாக வேண்டும். சொந்தப் பேரனுக்கு அலுத்துப்போன கதை அயல்வீட்டுப் பிள்ளைக்குப் புதிதாக இருக்கும். வகுப்புக்கு முன் அரை மணி நேரமும் பின் அரை மணி நேரமும் காதில் விழும் அந்தத் தமிழ், பாடநூலில் இல்லாத தமிழ்.

விதிகளும் பாதுகாப்பும்

நல்ல எண்ணம் பாதுகாப்புக்கு ஈடாகாது. மகிழுந்தைப் பகிரும் பெற்றோர் சில விதிகளைத் தவறாது கைக்கொள்ள வேண்டும்.

ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வயதுக்கேற்ற சிறுவர் இருக்கையிலோ உயர்த்து இருக்கையிலோ அமர வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டளவிலிருந்து நடைமுறையில் உள்ள சட்டம். பின்வரிசை உள்ள வண்டியில் நான்கு வயதுக்கு உட்பட்டோர் முன்னே அமரலாகாது. மூன்று சிறுவர் இருக்கைகள் எல்லா வண்டிகளின் பின்வரிசையிலும் அடங்குவதில்லை. அடங்காவிட்டால் பிள்ளையை மடியில் வைத்துச் செல்வது அன்று வழி. குழுவை இரண்டாகப் பிரிப்பதே வழி.

இளையோர் தமக்குரிய விதிகளை அறிந்திருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்கு உட்பட்ட பி1 சாரதி, இரவு 11 மணிமுதல் காலை 5 மணிவரை, 21 வயதுக்கு உட்பட்ட ஒருவரை மட்டுமே ஏற்றலாம். விக்ரோரியாவில் பி1 சாரதி 16 முதல் 21 வயது வரையிலான ஒருவருக்கு மேல் எந்நேரமும் ஏற்றலாகாது. துணைவரும் உடன்பிறந்தோரும் இதற்கு விலக்கு. நண்பர்கள் நிறைந்த வண்டியை அனுபவமற்ற இளைஞர் ஓட்டும்போது விபத்து அபாயம் கூடுகிறது என்பதாலேயே 2007, 2008ஆம் ஆண்டுகளில் இவ்விதிகள் கொண்டுவரப்பட்டன. ஆகவே பல்கலைக்கழக மாணவர் தமக்குள் பகிரும்போது, பி1 கட்டத்தைக் கடந்த ஒருவரே ஓட்டுவது முறை.

எரிபொருட் செலவைப் பகிர்வது வேறு. இலாபத்துக்கு ஆள் ஏற்றுவது வேறு. பின்னையதற்குத் தனி அனுமதியும் காப்புறுதியும் தேவை. தொடங்குமுன் தத்தம் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டறிதல் நன்று. ஓட்டுபவர் எவர் என்பதையும், பிள்ளை எந்நேரம் எவரிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் பெற்றோர் முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்பின் பழகாத ஒருவரோடு பிள்ளையைத் தனியே அனுப்பலாகாது. முதற் சில வாரங்களில் பெற்றோரும் கூடவே சென்று வரலாம். பிள்ளைக்குச் சங்கடமாயிருந்தால் அதைச் சொல்லவும், சொன்னால் பெற்றோர் கேட்கவும் இடம் இருக்க வேண்டும்.

ஒரு பாதை, ஒரு தவணை

பெரிய திட்டங்கள் பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. மக்கள் அறியாதவரோடு பயணம் செய்யத் தயங்குகின்றனர், அறிந்தவரோடு தயங்குவதில்லை. தமிழ்ச் சமூகத்திடம் ஏற்கெனவே உள்ள வலிமை இதுவே. ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்திற்குச் செல்லும், ஒருவரையொருவர் முகமாவது அறிந்த மக்கள் தமிழ்ப் பள்ளிகளிலும் கோயில்களிலும் கூடுகின்றனர். வேறு எந்த நிறுவனமும் விளம்பரத்தால் உருவாக்க முடியாத கூட்டம் அது.

ஆகவே வேண்டுவது ஒரு பாதையும் ஒரு தவணையுமே. தமிழ்ப் பள்ளி நிர்வாகம் தவணைத் தொடக்கத்தில், பெற்றோர் விரும்பினால் மட்டும், புறநகர் வாரியாக அவர்களை அறிமுகப்படுத்தி வைக்கலாம். கோயில் நிர்வாகங்கள், ஆட்கள் நிறைந்து வரும் வண்டிகளுக்குத் திருவிழா நாட்களில் வாசலருகே இடம் ஒதுக்கலாம். இளையோர் அமைப்புகள், தனியே வாழும் மூத்தோரின் வீட்டு வழியே செல்லும் வண்டி எதுவென்று கண்டு சொல்லலாம். ஒரு தவணை முடிந்தபின் மூன்று குடும்பங்கள் அமர்ந்து பேசித் தொடர்வதா விடுவதா என முடிவு செய்யட்டும். பிடிக்காவிட்டால் இழப்பு எதுவுமில்லை.

முதலிற் சொன்ன தெருவின் நான்காவது வீட்டுப் பிள்ளையை மறந்துவிடலாகாது. மூன்று குடும்பங்கள் மூன்று வண்டிகளில் செல்லும்வரை அப்பிள்ளையின் வீட்டுக் கதவை எவரும் தட்டப் போவதில்லை. இரண்டு வண்டிகளில் செல்லத் தொடங்கினால், “இன்னும் ஓர் இடம் இருக்கிறதே, யாரை ஏற்றலாம்?” என்ற கேள்வி தானாகவே எழும். அந்தக் கேள்வி எழும் தெருவில் அப்பிள்ளையும் தமிழ் படிக்கும். அதன் தாய்க்கும் பேச ஆள் கிடைக்கும்.

தேர்த் திருவிழாவில் வடத்தைத் தனியே ஒருவர் பிடித்தால் தேர் அசைவதில்லை. ஊர் கூடிப் பிடிக்கும்போது குழந்தையின் கையும் முதியவரின் கையும் அதில் இருக்கின்றன. அந்தத் தேரைக் காண்பதற்கே ஆளுக்கொரு வண்டியிற் போவது பொருந்துமா என்பதைப் பெற்றோரே, இளையோரே, அடுத்த சனிக்கிழமை வண்டியின் கதவைத் திறக்கும்போது ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பின்னிருக்கையைத் திரும்பிப் பாருங்கள். அயல்வீட்டின் அழைப்பு மணியை அழுத்துங்கள்.